மூட்டுகள் எப்படி அசைகின்றன: திருகோணமலையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

திருகோணமலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மூட்டுகள் பற்றிய பாடம் வரும் கிழமையில் கேள்விகள் வகுப்போடு நிற்பதில்லை. பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும். அடுத்த நாள் அம்மம்மாவின் முழங்கால், மாமாவின் தோள், தங்கச்சியின் நடன வகுப்பு எல்லாம் கேள்வியாகத் திரும்பி வரும். அவற்றைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன், கேட்டவர்கள் கேட்டபடியே. நான் வைத்தியர் இல்லை. வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நிலை எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் தயவுசெய்து தட்டிக்கழிக்க வேண்டாம்.

ரீச்சர், மூட்டு எண்டா முழங்கால், முழங்கை, தோள், அவ்வளவுதானே?

இல்லை. இரண்டு எலும்புகள் சந்திக்கும் எந்த இடமும் மூட்டுத்தான், அசைந்தாலும் சரி, அசையாவிட்டாலும் சரி. மண்டையோட்டில் நெளிந்து ஓடும் கோடுகள் மூட்டுகள். முள்ளந்தண்டில் ஒவ்வொரு எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் இடையில் மூட்டு. பல் எலும்பு இல்லை. ஆனாலும் அது தாடைக்குள் பதிந்திருக்கும் இடத்தை உடற்கூற்றியலில் மூட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள்.

எலும்புகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பதை வைத்து மூன்று வகை. நடுவில் இறுகிய நார் இருந்தால் நார் மூட்டு, பெரும்பாலும் அசையாது. குருத்தெலும்பு இருந்தால் குருத்தெலும்பு மூட்டு. கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வழுவழுப்பான நீர் உள்ள ஒரு பை இருந்தால் அது நன்றாக அசையும் மூட்டு. நீங்கள் சொன்ன முழங்காலும் முழங்கையும் தோளும் இந்த மூன்றாவது வகை. (பாடப்புத்தகத்தில் எலும்பு என்பு என்றும், குருத்தெலும்பு கசியிழையம் என்றும் வரும். சோதனையில் அப்படியே எழுதுங்கள்.)

மொத்தம் எத்தனை மூட்டு? ஒவ்வொரு புத்தகத்தில ஒவ்வொரு எண் போட்டிருக்கு.

எண்ணும் முறை வேறுபடுவதால்தான் எண்ணும் வேறுபடுகிறது. பற்களைச் சேர்ப்பதா, மண்டையோட்டுக் கோடுகளைத் தனித்தனியாக எண்ணுவதா என்பதில் ஒருமித்த வழக்கம் இல்லை. எலும்பின் எண்ணிக்கை மட்டும் ஓரளவு நிலையானது: வளர்ந்தவருக்கு 206. பிறந்த குழந்தைக்கு 300க்குக் கிட்ட இருக்கும். வளர வளரப் பல துண்டுகள் ஒட்டி ஒன்றாகிவிடும், அதாவது சில மூட்டுகள் இல்லாமலே போய்விடும்.

மூட்டே இல்லாத எலும்பு ஒன்றும் உண்டு. தாடைக்குக் கீழே, தொண்டையின் மேற்பக்கத்தில் இருக்கும் நாவடி எலும்பு வேறெந்த எலும்பையும் தொடுவதில்லை. தசைகளும் நார்களும்தான் அதைத் தாங்கி வைத்திருக்கின்றன.

அசையவே அசையாத ஒண்டை ஏன் மூட்டு எண்டு சொல்லோணும்?

மண்டையோட்டு மூட்டுகள் பிறக்கும்போது அசையக்கூடியவை. பிரசவத்தில் தலை வெளியே வருவதற்கு எலும்புத் தகடுகள் சற்று நகர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கொடுக்கும். பிறகு மூளை வளர வளர இடம்விட்டுக் கொடுக்கும். அந்த வேலை முடிந்த பிறகுதான் இறுகுகின்றன.

குளிக்க வார்க்கும்போது அம்மம்மாமார் கவனமாகத் தொடும் உச்சிக்குழி இந்த மூட்டுகளின் சந்திப்புத்தான். பின்பக்கத்துச் சிறிய குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடும்; முன்பக்கத்துப் பெரியது பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடும். அது துடிப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். வயிற்றோட்டம் இருக்கும் குழந்தைக்குக் குழி உள்ளே வாங்கியிருந்தால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். காய்ச்சலோடு குழி புடைத்து நின்றால் அதுவும் ஆபத்து. இரண்டிலும் உடனே வைத்தியசாலை.

கொஞ்சமா அசையிற மூட்டுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்கோ.

முள்ளந்தண்டு. எலும்புகளுக்கு இடையில் 23 வட்டத்தட்டுகள் உள்ளன. ஒவ்வொரு தட்டும் கொஞ்சம்தான் வளையும். எல்லாம் சேரும்போது நாம் குனிந்து நிலத்தைத் தொடும் அளவுக்கு வளைவு கிடைக்கிறது. பகல் முழுக்க உடற்பாரத்தால் தட்டுகளிலிருந்து நீர் கசிந்து அவை சற்று மெலியும். இரவில் படுக்கும்போது மீண்டும் நீரை உறிஞ்சி ஊதும். அதனால் காலையில் எழும்பும்போது நாம் மாலையைவிட ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு உயரம். வீட்டுச் சுவரில் காலையும் மாலையும் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது.

இன்னொன்று, இடுப்பின் முன்பக்கத்தில் இடது வலது எலும்புகள் சேரும் இடம். கர்ப்ப காலத்தில் ஓமோன்கள் அந்த மூட்டைத் தளர்த்துகின்றன. கடைசி மாதங்களில் நடக்கும்போது அங்கே நோகிறது என்று தாய்மார் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

முழங்காலுக்குள்ள எண்ணெய் இருக்காம், அது வத்தினாத்தான் நோகுதாம். உண்மையா?

பாதி உண்மை. உள்ளே இருப்பது எண்ணெய் இல்லை, முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பான ஒரு நீர். எலும்பு முனைகளில் சில மில்லிமீற்றர் தடிப்பில் வழுக்கும் குருத்தெலும்பு பூசியிருக்கும். இரண்டையும் சுற்றி ஒரு பை. பையின் உட்சுவர்தான் அந்த நீரைச் சுரக்கிறது. நல்ல முழங்காலில் அது ஒரு தேக்கரண்டியைக்கூட நிரப்பாது. வீங்கிய முழங்காலில் நீர் வற்றுவதில்லை, கூடுகிறது. தேய்ந்தும் மெலிந்தும் போவது குருத்தெலும்பு.

இதில் நான் ஒவ்வொரு வருடமும் அழுத்திச் சொல்லும் விசயம் ஒன்று உண்டு. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. அதற்குச் சாப்பாடு வருவது அந்த நீரிலிருந்துதான். கால் பாரம் தாங்கும்போது பஞ்சைப் பிழிவதுபோல நீர் வெளியே போகும், பாரம் நீங்கும்போது புது நீர் உள்ளே வரும். அசைவு நின்றால் குருத்தெலும்பு பட்டினி கிடக்கும். முழங்கால் நோகுது என்று மாதக்கணக்கில் கதிரையிலேயே இருப்பவர்களின் கால் இன்னும் மோசமாவதற்கு இதுவும், தொடைத் தசை மெலிவதும் காரணம்.

நல்லா அசையிற மூட்டில ஆறு வகை எண்டு இருக்கு. எனக்குப் பாடமாக்க ஏலாம கிடக்கு.

பாடமாக்க வேண்டாம். எலும்பு முனையின் வடிவம் எப்படியோ அசைவும் அப்படி. வடிவத்தைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தால் பெயர் தானாக வரும்.

கதவின் பிணைச்சல் ஒரே திசையில்தான் திறந்து மூடும்: அதுதான் பிணையல் மூட்டு. முழங்கை, விரல்களின் நடு மூட்டுகள், கணுக்கால். ஒரு கிண்ணத்துக்குள் பந்தை வைத்து உருட்டினால் எல்லாப் பக்கமும் திரும்பும்: பந்துகிண்ண மூட்டு. தோளும் இடுப்பும் மட்டும். ஒரு முளையைச் சுற்றி வளையம் சுழல்வது முளை மூட்டு. கழுத்தின் உச்சியில் ஒன்று, முழங்கைக்குப் பக்கத்தில் ஒன்று. குதிரையின் சேணத்தில் இருப்பவர் முன்னும் பின்னும், இடமும் வலமும் சாயலாம், ஆனால் பம்பரம்போலச் சுழல முடியாது: சேண மூட்டு, கட்டைவிரலின் அடியில். முட்டை வடிவப் பந்து முட்டை வடிவக் குழியில் இருப்பது நீள்வட்ட மூட்டு, மணிக்கட்டு. தட்டையான இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்வது வழுக்கு மூட்டு. மணிக்கட்டிலும் பாதத்திலும் உள்ள சின்ன எலும்புகளுக்கு இடையில்.

இவற்றை உங்கள் உடம்பில் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைக் கவனித்தால் எலும்பின் வடிவத்தை உள்ளே பார்க்காமலே ஊகிக்கலாம்.

முழங்கை பிணையல் எண்டா, உள்ளங்கையைத் திருப்ப ஏலுதே. அது எப்பிடி?

நல்ல கேள்வி. முழங்கைப் பையினுள் ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் இருக்கின்றன. மேற்கை எலும்பும், முன்கையில் சின்னவிரல் பக்கத்து அரந்தி எலும்பும் சேரும் இடம் பிணையல்; அது மடக்க நீட்ட மட்டும். பக்கத்தில், கட்டைவிரல் பக்கத்து ஆரை எலும்பின் தலை ஒரு நார் வளையத்துக்குள் இருந்து சுழலும். அதுதான் மேலே சொன்ன முளை மூட்டு. உள்ளங்கை மேலே பார்க்கும்போது இரண்டு எலும்பும் சமாந்தரம். கீழே திருப்பினால் ஆரை அரந்தியின் குறுக்கே போகும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, மற்றக் கையால் முன்கையைப் பிடித்தபடி திருப்பிப் பாருங்கள், எலும்பு புரள்வது தெரியும். பூட்டில் சாவி திருப்புவதும் தேங்காய் துருவுவதும் இந்த மூட்டின் தயவில்தான்.

கடற்கரையில சின்னப் பிள்ளையைக் கையில பிடிச்சுத் தூக்கிச் சுத்தினம். இப்ப கையை அசைக்குதில்லை, அழுது. சுளுக்கா?

அந்த நார் வளையம் சின்னப் பிள்ளைகளில் இன்னும் தளர்வானது. நீட்டிய கையைப் பிடித்துச் சட்டென்று இழுத்தால் ஆரையின் தலை வளையத்திலிருந்து சற்று நழுவும். ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளில்தான் இது அதிகம். கை பெரும்பாலும் வீங்காது. பிள்ளை அதைத் தொங்கவிட்டபடி வைத்திருக்கும். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். வைத்தியர் எலும்பு முறிவு இல்லை என்று பார்த்துவிட்டு ஒரே திருப்பில் சரிசெய்துவிடுவார், பெரும்பாலும் சில நிமிடங்களில் பிள்ளை கையை நீட்டி எதையாவது பிடிக்கும். இனித் தூக்கும்போது அக்குளில் பிடித்துத் தூக்குங்கள்.

தோள் லேசா விலகுது, இடுப்பு விலகினதா கேள்விப்படவே இல்லை. ரெண்டும் ஒரே வகைதானே ரீச்சர்?

வகை ஒன்று, கிண்ணத்தின் ஆழம் வேறு. மூட்டுகளைப் பற்றி ஒரே ஒரு விசயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: சுதந்திரமாக அசையும் மூட்டு உறுதியைக் கொடுத்துத்தான் அந்தச் சுதந்திரத்தை வாங்கியிருக்கிறது. தோளில் பந்து பெரிது, கிண்ணம் தேநீர்த் தட்டுப்போலத் தட்டையானது. எந்த நேரத்திலும் பந்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிண்ணத்தைத் தொடுவதில்லை. அதைச் சுற்றி ஒரு குருத்து விளிம்பும் நான்கு தசைகளின் நாண்களும்தான் பந்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. இடுப்பில் கிண்ணம் ஆழம். பந்து உள்ளே புதைந்திருக்கும். அதன் முன்பக்க நார்தான் உடம்பிலேயே மிகப் பலமான இணைநார், அதாவது எலும்பை எலும்போடு கட்டும் நார். பெரிய வாகன விபத்துப் போன்ற அடி விழுந்தால்தான் இடுப்பு விலகும்.

நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். கால் மணலில் ஊன்றி இடுப்பு அசையாமல் நிற்க, கை தலைக்கு மேலும் முன்னும் பின்னும் போகிறது. அதே இடுப்பு தோளைப்போலத் தளர்வாக இருந்தால் நிற்கவே முடியாது.

கையை உயர்த்துவதில் தோள் மூட்டு மட்டும் வேலை செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் 180 பாகை உயர்த்தும்போது ஏறத்தாழ 120 பாகை தோள் மூட்டிலும் 60 பாகை முதுகில் தோட்பட்டை எலும்பு சுழல்வதாலும் வருகிறது. பக்கத்திலிருப்பவரின் தோட்பட்டையில் கை வைத்துக்கொண்டு அவரைக் கையை உயர்த்தச் சொல்லுங்கள், அது சுழல்வதை உணரலாம்.

விலகின தோளை நாங்களே இழுத்துப் பூட்டலாமா? எங்கட ஆக்கள் மைதானத்திலேயே செய்வினம்.

வேண்டாம். பந்து பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் விலகும். அங்கே நரம்புகளும் இரத்தக் குழாயும் ஓடுகின்றன. எலும்பு வெடித்திருந்தால் இழுப்பு அதை முறித்துவிடும். கையை நெஞ்சோடு சேர்த்து ஒரு துணியால் தாங்கிக் கட்டி, எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். பதின்ம வயதில் முதல் தடவை விலகியவருக்குத் திரும்பவும் விலகும் வாய்ப்பு மிக அதிகம். அதனால் நோ போனதும் விளையாடப் போகாமல் தசைப் பயிற்சியை முடிக்க வேண்டும்.

தலையை "ஓம்" எண்டு ஆட்டுறதும் "இல்லை" எண்டு ஆட்டுறதும் ஒரே மூட்டா?

வெவ்வேறு. மண்டையோடு கழுத்தின் முதல் எலும்பின்மேல் உட்காரும் மூட்டில் "ஓம்" என்று மேலும் கீழும் ஆட்டுகிறோம். முதல் எலும்பு வளையம்போல இருக்கும். இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேலே நீண்டு அந்த வளையத்துக்குள் நிற்கும். "இல்லை" என்று திருப்புவது இங்கே. கழுத்து திரும்பும் அளவில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே மூட்டிலிருந்து வருகிறது.

அப்புறம் நம்மவர்கள் "சரி சரி" என்று பக்கவாட்டில் ஒரு ஆட்டு ஆட்டுவோமே, அது கூடுதலாகக் கழுத்தின் கீழ்ப் பகுதி மூட்டுகளின் வேலை. மூன்று பதிலுக்கு மூன்று இடம்.

கட்டைவிரல்ல என்ன அப்பிடி விசேசம்?

சோற்றைக் குழைத்து உருட்டி வாயில் வைக்கும்போது கட்டைவிரலைக் கவனியுங்கள். மற்ற நான்கு விரல் நுனிகளையும் தொட்டு, கடைசியில் கவளத்தைத் தள்ளிவிடுகிறது. அடியில் சேண மூட்டு இருப்பதால் இது முடிகிறது. ஆனால் நுனியில் இறுக்கிப் பிடிக்கும் விசை அடி மூட்டில் பல மடங்காக விழும். வயது போன பெண்கள் துணி பிழியும்போதும் போத்தல் மூடி திறக்கும்போதும் கட்டைவிரலடியில் நோகிறது என்பது இதனால்தான். மூடிக்கு ஒரு தடித்த துணியைச் சுற்றித் திறந்தால் பிடி பெரிதாகும், மூட்டுக்குச் சுமை குறையும்.

முழங்காலும் கதவுப் பிணைச்சல் மாதிரித்தானே?

கிட்டத்தட்ட. கதிரையில் இருந்து முழங்காலை மடக்கிக்கொண்டு பாதத்தை உள்ளும் வெளியும் திருப்பிப் பாருங்கள், திரும்பும். காலை நேரே நீட்டிக்கொண்டு முயன்றால் முழங்காலில் திருப்பமே வராது, இடுப்பிலிருந்துதான் வரும். நீட்டும் கடைசிச் சில பாகைகளில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றின்மேல் ஒன்று சற்றுத் திருகிப் பூட்டிக்கொள்கின்றன. பஸ்ஸுக்கு நெடுநேரம் நின்றாலும் தொடைத் தசை அதிகம் களைக்காமல் இருப்பது இந்தப் பூட்டால்.

உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு குருத்துத் தட்டுகளும், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இணைநார்களும் இருக்கின்றன. கால்பந்து ஆடும் பிள்ளை பாதத்தை நிலத்தில் ஊன்றியபடி உடம்பைத் திருப்பும்போது முன்பக்க நார் அறுந்துபோகும். யாரும் மோதாமலே நடக்கும். "டக்" என்ற சத்தம், சில மணித்தியாலத்துக்குள் வீக்கம், பிறகு கால் நிலையில்லாமல் போவது: இந்த மூன்றும் இருந்தால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்.

மகள் பரதம் பழகிறா. அரைமண்டியில இருந்தா முழங்கால் நோகுதெண்டு அழுறா. நிப்பாட்டவா?

நிப்பாட்ட வேண்டாம், பாதத்தைப் பாருங்கள். முழங்காலை மடக்கிப் பாதி இருந்தபடி நிற்கும் அரைமண்டியில் கால்கள் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பிலிருந்துதான் வர வேண்டும், ஏனென்றால் அது பந்துகிண்ண மூட்டு. இடுப்பு திரும்பும் அளவைவிடப் பாதத்தை அதிகமாக விரித்து வைத்தால் மிச்சத் திருப்பத்தை முழங்கால் வாங்கிக்கொள்ளும். அதற்கு மடங்கிய நிலையில் கொஞ்சம்தான் திரும்பத் தெரியும் என்று போன பதிலில் பார்த்தோம்.

மகளை அரைமண்டியில் நிறுத்தி முன்னாலிருந்து பாருங்கள். முழங்கால் சில்லு பாதத்தின் இரண்டாவது விரலை நோக்கி இருந்தால் சரி. உள்ளே விழுந்திருந்தால் பாதத்தைச் சற்றுக் குறைவாக விரிக்கச் சொல்லுங்கள். எல்லாருடைய இடுப்புக் கிண்ணமும் ஒரே திசையைப் பார்ப்பதில்லை. பக்கத்துப் பிள்ளைக்கு வரும் அளவு உங்கள் பிள்ளைக்கு வராமல் இருக்கலாம். நடன ஆசிரியையோடு இதைப் பேசுங்கள்.

கோணேசர் கோயிலுக்கு ஏறேக்க பரவாயில்லை, இறங்கேக்கதான் முழங்கால் கொல்லுது. ஏன்?

பலர் கேட்ட கேள்வி. கோட்டை வாசலிலிருந்து மலை உச்சிக்குப் போகும்போது மூச்சு வாங்கும், கால் அதிகம் நோகாது. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு கீழே விழாமல் தொடையின் முன் தசை நீண்டபடியே பிடித்து நிறுத்த வேண்டும். அந்த இழுப்பு முழங்கால் சில்லைத் தொடை எலும்போடு அழுத்துகிறது. சில்லுக்குப் பின்னால் குருத்தெலும்பு கெட்டிருந்தால் அங்கே நோகும்.

அடியைச் சின்னதாக வையுங்கள், கைப்பிடி இருக்கும் இடத்தில் பிடியுங்கள், நோகும் காலை முதலில் இறக்குங்கள். உடற்பாரமும் முக்கியம். முழங்கால் தேய்வுள்ள, எடை கூடிய முதியவர்களிடம் அமெரிக்காவில் செய்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 1 கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைந்தது தெரிந்தது.

சம்மணம் கட்டி நிலத்தில இருக்கக் கூடாதெண்டு சொல்லுகினம்.

நோ இல்லாதவர் தாராளமாக இருக்கலாம். இடுப்பு மூட்டு அதன் முழு எல்லைவரை திரும்பும் சந்தர்ப்பம் கதிரை வாழ்க்கையில் வேறு எங்கே கிடைக்கிறது? தேய்வு தொடங்கிய முழங்காலுக்கு, முற்றாக மடக்கி நெடுநேரம் இருப்பதும் அதிலிருந்து எழும்புவதும் கடினம். அவர்களுக்குக் கதிரை நல்லது.

கணுக்கால் ஏன் எப்பவும் வெளிப்பக்கமாத்தான் சுளுக்குது?

கணுக்கால் பிணையல் மூட்டு, மேலும் கீழும் மட்டும். பாதம் பக்கவாட்டில் சரிவது அதற்குக் கீழே உள்ள இன்னொரு மூட்டில். உள்பக்க இணைநார் விசிறிபோல அகலமானது, பலமானது. வெளிப்பக்கத்தில் மூன்று தனித்தனிக் கயிறுகள். பாதம் உள்ளே மடியும்போது அவற்றில் முன்னால் இருப்பது முதலில் கிழியும். நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பை அழுத்தினால் கடுமையாக நோனால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

விரல் நெட்டி முறிச்சா வாதம் வரும் எண்டு அம்மா அடிக்கிறா.

அம்மாவிடம் இதைக் காட்டுங்கள். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க வைத்தியர் 50 வருடத்துக்கு மேல் இடது கை விரல்களை மட்டும் நாளாந்தம் நெட்டி முறித்து, வலது கையை விட்டுவிட்டார். கடைசியில் இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. 2009இல் அவருக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது. ஒருவரின் அனுபவம் முழு நிரூபணம் ஆகாது. ஆனால் நெட்டி முறிப்பதையும் வாதத்தையும் தொடர்புபடுத்தும் நல்ல சான்று இதுவரை இல்லை.

சத்தம் எலும்பு உரசுவதால் வருவதில்லை. விரலை இழுக்கும்போது மூட்டுப் பை அகன்று, நீரில் கரைந்திருந்த வாயு ஒரு குமிழாக வெளிப்படுகிறது. 2015இல் கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தினர் எம்ஆர்ஐயில் இதைப் படம் பிடித்தார்கள். வாயு மீண்டும் கரைய இருபது நிமிடம் அளவில் எடுக்கும். அதனால்தான் ஒரே விரலை உடனே திரும்ப நெட்டி முறிக்க முடியாது. நோவோடு வரும் சத்தம் வேறு விசயம், அதைக் காட்டுங்கள்.

வாதம் எண்டா எல்லாம் ஒண்டுதானே? எண்ணெய் ஒண்டு சொல்லுங்கோ.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் பொறுமையாக நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். என் பெரியம்மா தன் கை விரல் நோவைப் பல வருடம் "வயது போனால் வரும்" என்று எண்ணெய் பூசியே கழித்தார். விரல்கள் கோணிய பிறகுதான் அது வேறு நோய் என்று தெரிந்தது.

தேய்வு வாதம் முழங்கால், இடுப்பு, விரல் நுனி மூட்டுகளில் மெதுவாக வரும். வேலை செய்யச் செய்யக் கூடும். காலை விறைப்பு அரை மணித்தியாலத்துக்குள் விடும். முடக்கு வாதம் அப்படி இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி மூட்டுப் பையின் உட்சுவரையே தாக்குகிறது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி, விரல்களின் அடி மூட்டும் நடு மூட்டும் வீங்கும், காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைத்துக் கிடக்கும். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இதற்கு நோயையே அடக்கும் மருந்துகள் இருக்கின்றன, ஆனால் மூட்டு அழியும் முன்னர் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, யூரிக் அமிலப் பளிங்குகள் மூட்டில் படியும் கீல்வாதம். பெரும்பாலும் கால் பெருவிரலின் அடியில், நள்ளிரவில், போர்வை பட்டாலும் தாங்காத நோவாக வரும். நெத்தலி, சாளை, ஈரல், பியர் ஆகியவை அதைக் கூட்டும். மீனை முற்றாக விட வேண்டியதில்லை; எவ்வளவு, எந்த மீன் என்று வைத்தியரிடம் கேளுங்கள். கடைசியாக, ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து சுட்டு வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

சிக்குன்குனியா வந்து காய்ச்சல் போயிட்டு. மூட்டு நோ மட்டும் போகுதில்லை.

2006இன் கடைசியில் அந்தக் காய்ச்சல் இலங்கையில் பரவியபோது இந்தப் பெயரே பலருக்குப் புதிது. அது தான்சானியாப் பக்கத்து மக்கொண்டே மொழிச் சொல். நோவால் உடம்பு வளைந்து போவதைக் குறிக்கிறது. மூட்டு நோ வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள். காரணம் குருத்தெலும்பின் சாப்பாடு பற்றிச் சொன்னதுதான். காய்ச்சல் நாட்களில் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை அஸ்பிரின், இபுபுரூபன் வகை நோ மாத்திரைகளைத் தொடக்கூடாது, பரசிற்றமோல் மட்டும்.

கன்னியாவில குளிச்சா மூட்டு நோ மாறும் எண்டு சனம் வருகுது. மாறுமா?

கன்னியா வெந்நீர் ஊற்றின் ஏழு கிணறுகளிலும் ஏழு விதச் சூடு. வாளியால் அள்ளி வார்க்கும்போது உடம்பு இளகுவது எனக்கும் தெரியும். சூடு தசையைத் தளர்த்தி நோவைக் கொஞ்ச நேரம் தணிக்கும். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. சிவந்து வீங்கிக் கொதிக்கும் மூட்டுக்குச் சூடு கூடாது. நீண்ட காலச் சீனி வருத்தத்தால் காலில் உணர்வு குறைந்தவர்கள், சூட்டைக் கையால் பார்த்துவிட்டுத்தான் காலில் வார்க்க வேண்டும்.

தம்பி சுழியோடப் போறவன். ஏறி வந்தாப் பிறகு தோள் உளையுது எண்டுறான். வலை இழுத்த நோவா இருக்குமோ?

இதைத் தயவுசெய்து சாதாரணமாக எடுக்க வேண்டாம். ஆழத்தில் அழுத்தம் கூட இருப்பதால் மூச்சுவாயுவிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் இழையங்களிலும் கரைந்திருக்கும். வேகமாக மேலே வந்தால் சோடாப் போத்தலைத் திறந்ததுபோலக் குமிழ் கட்டும். அது முதலில் காட்டும் இடங்கள் தோளும் முழங்கையும். நெட்டி முறிக்கும்போது வரும் குமிழும் கரைந்த வாயுவிலிருந்து பிறப்பதுதான். ஆனால் அது மூட்டுப் பைக்குள் அடங்கி அங்கேயே கரைந்துவிடும். இதுவோ நரம்புக்கும் மூளைக்கும் போகலாம். 1870களில் அமெரிக்காவில் ஆற்றுப் பாலங்களின் அடித்தளத்துக்காக அழுத்தக் காற்றறைகளில் வேலை செய்தவர்கள் இதே நோவால் வளைந்து நடந்தார்கள்.

சங்கு, கடலட்டை எடுக்கச் சிலிண்டரோடு இறங்கும் தம்பிமார், மேலே வந்து சில மணித்தியாலத்தில் மூட்டு நோ, விறைப்பு, தலைச்சுற்று வந்தால் திரும்ப இறங்கக் கூடாது. படுக்க வைத்து ஒட்சிசன் கொடுத்து, சுழியோடியவர் என்பதை முதல் வசனமாகச் சொல்லி வைத்தியசாலையில் சேர்க்க வேண்டும். அழுத்த அறைச் சிகிச்சைக்கு அனுப்புவதா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள்.

முழங்கால் மாத்தினா அம்மம்மா பழையபடி எல்லாம் செய்வாவா?

மாற்று மூட்டின் கதை இடுப்பில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஜோன் சார்ன்லி 1960களின் தொடக்கத்தில் உலோகப் பந்தையும் பிளாஸ்ரிக் கிண்ணத்தையும் வைத்துச் செய்த இடுப்புத்தான் இன்றைய மாற்று மூட்டுகளுக்கு வழிகாட்டி. பந்துகிண்ணம் செய்வது சுலபம். முழங்கால் கடினம், அது சும்மா பிணைச்சல் இல்லையே. இப்போது அதுவும் நன்றாக வருகிறது: 2019இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்றின்படி, முழுதாக மாற்றிய முழங்கால்களில் 100க்கு 82 அளவில் 25 வருடம் தாங்குகின்றன.

நோ போகும், நடப்பா, படி ஏறுவா. நிலத்தில் சம்மணம், குந்தியிருப்பது, முழங்காலில் நின்று கும்பிடுவது பெரும்பாலும் கடினம், அளவைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். வீட்டுக் கழிவறை குந்தும் வகை என்றால், அம்மம்மா வைத்தியசாலையில் இருக்கும் நாட்களுக்குள்ளேயே கொமட் வைத்து, பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடியும் அடித்துவிடுங்கள்.